பொறுக்கி எடுத்த விதைகள்

1976 மார்ச் 9, செவ்வாய்

இன்று தெரியவந்த தவறு: போன மாதம் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் விதைகளை அரிசி பொறுக்குவது போலப் பொறுக்கிவிட்டேன்.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும். மாலை வகுப்பில் எனக்கும் கூடப் படிக்கும் கல்யாணசுந்தரத்துக்கும் சேர்த்து ஒரே ஆய்வு. உயரமும் நேரான தண்டும் பார்த்து, வனத்துறையினர் காட்டில் இருபத்து நாலு மரங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இனி நடப்போகும் கன்றுகளுக்கு அவைதான் தாய். அப்படித் தேர்ந்தெடுத்ததில் காட்டிலுள்ள பலவகைத்தன்மை குறைந்துவிட்டதா என்பது எங்கள் கேள்வி.

எல்லா மரத்து விதைகளையும் சம அளவில் கலந்து ஒரு சிறு பையில் தந்தார்கள். முளைக்கவைத்து, அரைத்து, ஸ்டார்ச் ஜெல் என்ற மாவுப்பசைப் பாளத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சாயமிட்டால், விதையிலுள்ள ஒரு நொதி கோடுகளாகத் தெரியும். கோடு நிற்கும் இடத்தை வைத்துத்தான் வகையைப் பிரிப்பது. சாதாரணக் காட்டு விதைகளில் மூன்று வகைக் கோடுகள். எங்கள் பையில் இரண்டே. ‘தேர்வு பலவகைத்தன்மையைக் குறைக்கிறது’ என்று கல்யாணசுந்தரம் கட்டுரையை டைப் அடித்தும்விட்டார். பகலில் பக்கத்து ஊரான பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர் அவர். இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் மர ஆய்வகத்தில் வேலை கேட்கப்போகிறார்.

மாலையில் அறைத்தோழி சீதா தட்டில் அரிசியைப் பரப்பிக் கல்லும் குறுநொய்யும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

“ஏண்டி, அரிசியைப் பார்த்ததே இல்லையா?”

“சீதா, நானும் இப்படித்தான் பண்ணினேன். ஸ்புரூஸ் விதையில.”

“சுத்தமா இருக்கட்டுமேன்னு பண்ணியிருப்பே. அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?”

சாப்பாட்டு டப்பா மூடியில் பரப்பி, கை பாட்டுக்குச் சின்னதையெல்லாம் ஒதுக்கியது நினைவு வந்தது. விதையின் பருமன் பெரும்பாலும் தாய் மரத்தைப் பொறுத்தது. அப்படியானால் சின்ன விதை போடும் மரங்களையே நான் வெளியே தள்ளியிருக்கிறேன்.

மார்ச் 10, புதன்

வகுப்புக்கு முன்பே கல்யாணசுந்தரத்திடம் சொல்லிவிட்டேன்.

“கட்டுரையை இன்னிக்குக் கொடுக்க வேண்டாம்.”

“ஏங்க, ஸ்பெல்லிங் தப்பா?”

“விதையை நான் பொறுக்கிட்டேன். சின்னதையெல்லாம் எடுத்துட்டேன்.”

“அப்போ வகையைக் குறைச்சது மரத்தைத் தேர்ந்தெடுத்தவங்க இல்லை. நீங்க.”

“இருக்கலாம். சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.”

“உங்களை விட்டிருந்தா காட்டையே பாஸ்மதியாக்கியிருப்பீங்க.” சிரிப்பு வராமலே சொன்னார். “ஒதுக்கினது எங்கே?”

“குருவிக்குப் போடலாம்னு பொட்டலமாக் கட்டி கோட் பையில வச்சேன்.”

“போட்டாச்சா?”

“பனி கொட்டுச்சு. பால்கனிக் கதவையே திறக்கலை.”

“இந்த ஊர்க் குளிரால எனக்கு இதுவரைக்கும் ஒரு நன்மையும் இல்லை. இதுதான் முதல்,” என்றார். கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாத்தியாரிடம் போய் அவரே தவணை கேட்டு வாங்கி வந்தார். என் பெயரை அவர் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 25, வியாழன்

பொட்டலத்தில் பாதியை முளைக்கவைத்தோம். சூம்பல் என்று நினைத்தவற்றில் பெரும்பகுதி முளைத்தது. இன்று ஜெல்லில் சாயம் ஏறியபோது மூன்றாவது கோடு மெதுவாக வந்தது. ஒன்றில் அல்ல, பலவற்றில்.

“தலைப்பை மாத்தணும்,” என்றார் கல்யாணசுந்தரம்.

“உங்க முடிவே கவிழ்ந்துபோச்சே. வேலைக்கு என்ன காட்டுவீங்க?”

“இதைத்தான். முந்தின கட்டுரையில இருந்த சோதனையை யாராவது திரும்பச் செஞ்சு பார்த்திருந்தா மறுபடி பெட்டி அடுக்கத்தான் போயிருப்பேன். செய்முறைப் பகுதியில நீங்க பொறுக்கினதையும் போட்டுடலாமா?”

போடச் சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டிராமில் திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்ததை மறைப்பானேன்.

இது ஒரே ஒரு நொதியின் கோடுதான். இதை வைத்துக் காடு முழுவதையும் பேசிவிட முடியாது. மூன்றாவது கோடு கலவையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் இன்னும் தெரியாது. நல்லவேளையாக, பெரிய விதையிலும் சின்னதிலும் பாதிப் பாதிதான் செலவாகியிருக்கிறது; மீதியைச் சேர்த்தால் பையில் முதலில் இருந்த விகிதமே கிடைக்கும்.

நாளை: மீதிப் பெரியதையும் மீதிச் சின்னதையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். எதையும் ஒதுக்காமல் ஈரத்தாளில் பரப்ப வேண்டும்.