வேனில் இருந்தவர்கள்

மனநல ஆலோசகரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் வேலை. இப்போதெல்லாம் போனில் சூதாடி மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். கூட வரும் மனைவிமார் சொல்லிவைத்தாற்போல ஒரே கதையைச் சொல்வார்கள். குளியலறைக்கும் போனோடுதான் போகிறார், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார், விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மறுநாளே ஆரம்பிக்கிறார். அவளும் உச்சுக் கொட்டுவாள். தன் வீட்டில் அதே கூத்து நடந்தபோது மட்டும், பாவம், பள்ளிக்கூட வேன் ஓட்டிக் களைத்து வருகிற மனுஷன் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினாள். ஊருக்கெல்லாம் வேலை செய்கிற புத்தி, வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் தெருமுனைச் சலவைக்கடைக்காரர் போன் செய்தார். "பதறாதீங்கம்மா. பாப்பா நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வாங்க."

ஓடினாள். கடை பெஞ்சில் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சீருடை முழுக்க வாந்தி. கணவன் தலை குனிந்து ஓரமாக நின்றான்.

"கண்ணாடியெல்லாம் ஏத்தி வேன் இங்கதான் நின்னுச்சு. பாப்பா கடைசி சீட்லேர்ந்து தட்டிக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் முன்னாடிதான் இருந்தாரு. நான் போய்க் கதவத் தட்டின பிறகுதான் போனை விட்டுத் தலையத் தூக்குனாரு" என்றார் கடைக்காரர், தயங்கித் தயங்கி.

"தூங்கி எழுந்தா ஒரே புழுக்கம்மா. அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். அப்பா திரும்பவே இல்ல" என்றாள் மகள். அழவில்லை. அவள் அழாததுதான் தாயை என்னவோ செய்தது.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டித் தூங்கவைத்தாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் மெதுவாகவே கேட்டாள்.

"புள்ள வண்டியில இருக்கிறது தெரியாதா?"

"சித்தி வீட்டுக்கிட்டயே மத்த பசங்களோட பாப்பாவும் இறங்கிடுச்சுன்னு நெனச்சேன். சத்தியமா. வண்டியில நாங்க மட்டும்தான் இருக்கோம்னு..."

பாதியில் நின்றுவிட்டான்.

"நாங்கன்னா யாரு?"

தனியாக இருந்தவன் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த 'நாங்க'வில் அவளுக்கும் இடமில்லை, மகளுக்கும் இடமில்லை. அது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த போனையே பார்த்தான்.

"என்னால நிறுத்த முடியல" என்றான் கடைசியில்.

இத்தனை நாளில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது.

"நாளைக்கு என்கூட கிளினிக்குக்கு வாங்க. வண்டிய வேற யாராவது ஓட்டட்டும்" என்று கையை நீட்டினாள்.

வேன் சாவியை உடனே கொடுத்துவிட்டான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். அவன் தூங்கும் மகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"காலையில தரேனே" என்றான்.