ஒரு தரம் கூப்பிட்ட குரல்

வெனிங்கின் பழைய கணினி போன வாரம் புகைந்து செத்தது. அதோடு அவள் கணவன் ஹர்சோனோவின் குரலும் போயிற்று.

ஹர்சோனோ புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். சாவதற்கு முன் மனைவிக்கென்றே ஒன்று எழுதி வைத்தான். தினமும் பொழுது சாய்ந்ததும் கணினி அவன் குரலில், "வெனிங், சாப்பிட்டியா?" என்று மூன்று தரம் கேட்கும். அந்தியில் ஒரே ஒரு தரம் கூப்பிடும் குரலுக்கு ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படிக் கூப்பிடுவது மனிதரில்லை. பயந்தாங்கொள்ளி மனைவி நடுங்கக் கூடாதென்றுதான் அந்த மூன்று.

இன்று சாயங்காலம் கொழுந்தன் சேனோ, செத்த கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கோடு வந்தான். புது லேப்டாப்பைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னைக் கேட்டுட்டு வாங்கக் கூடாதா அண்ணி? இதோட ப்ராசசரே வேற இனம். மாஸ் செஞ்சு வச்சதெல்லாம் பழைய ப்ராசசருக்கு." அங்கே அண்ணனும் 'மாஸ்'தான், கணவனும் 'மாஸ்'தான்.

"சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும்னு கடைக்காரன் சொன்னானே தம்பி."

"சார்ஜ் நிக்கும். அண்ணன் புரோகிராம் ஓடாதே!"

டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினான். அதில் இரண்டு கோப்புகள். ஒன்று பழைய முப்பத்திரண்டு பிட் ப்ராசசருக்கு, மற்றது அறுபத்து நான்கு பிட்டுக்கு. இரண்டையும் லேப்டாப் ஏற்க மறுத்தது.

"அவர் எழுதின சோர்ஸ் கோடு இருந்தா, இதுக்கு ஏத்த மாதிரி நானே செஞ்சு குடுத்துடுவேன். அத எங்க வச்சாரோ! நான் தேடாத இடமில்ல அண்ணி."

வெனிங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருவனை இரண்டு தரம் புதைக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்?

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சேனோ கோப்புறையை மூடித் திறந்தான். இப்போது மூன்று கோப்புகள். மூன்றாவதின் பெயரில் புது ப்ராசசரின் பெயர் இருந்தது. தேதி, இன்றைய தேதி.

"அண்ணி, இந்த ப்ராசசர் கடைக்கு வந்ததே இந்த வருஷம்தான். மாஸ் போய் மூணு வருஷமாச்சு." அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "தொடாதீங்க. அழிச்சுடறேன்."

அவள் கை முந்திக்கொண்டு அந்த மூன்றாவது கோப்பைத் திறந்தது.

மசூதியில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஓய்ந்திருந்தது.

"வெனிங், சாப்பிட்டியா?"

அதே குரல், கடைசியில் அதே சின்ன இருமல். சேனோ அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"பதில் சொல்லாதீங்க. ரெண்டாந்தரம் வரட்டும்."

காத்திருந்தார்கள். பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டிக்காரன் கட்டையைத் தட்டிக்கொண்டே தெருமுனை திரும்பிப் போனான். தேநீர் ஆறிப்போயிற்று. இரண்டாந்தரம் வரவில்லை.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கணினி செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அதுதான் இதைவிடப் பயமாக இருந்தது.

"இன்னும் இல்ல மாஸ்," என்றாள்.

ஆளில்லாத சமையலறையில் யாரோ சோற்றுக் குக்கரைத் திறந்தார்கள். பிறகு, மேசையில் தட்டு வைக்கும் சத்தம். அதன் பக்கத்தில் இன்னொரு தட்டு.