கண்ணசந்த நேரம்

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் புண்ணுக்காரி என்று பெயர். பாவம், அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் புண் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்யும் நர்ஸ் அவள். வார்டு வார்டாகப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்ப்பதும், கூட இருப்பவர்களைக் கேள்வி கேட்பதும்தான் வேலை. காலை ஒடித்துக்கொண்டு வந்தவர் புண்ணால் சாகிறார் என்றால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதானே. காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா?

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் கிடந்தார். மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். எலும்பு என்னவோ நன்றாகத்தான் கூடி வந்தது. ஆனால் முதுகின் அடியில் வந்த புண் ஆழமாக இறங்கி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் அவர் மனைவி. எமனே வந்தாலும் காத்திருக்கச் சொல்லுகிற ரகம். புண்ணுக்காரி உட்கார்ந்ததும் கேட்காமலே எல்லாம் சொன்னாள். வலியில் தூக்கமில்லாமல் துடித்த மனிதர், மாத்திரை மாற்றிய பிறகுதான் கொஞ்சம் கண்ணசந்தாராம். புரட்டிப் படுக்கவைக்க வரும் நர்ஸுகளை அவள் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினாளாம். அவர்களுக்கும் தலைக்கு மேல் வேலை. பாதி வேலை மிச்சம் என்று அவளைப் புகழ்ந்துவிட்டு வேறு போனார்களாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புரட்டாமல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால்தான் இந்தப் புண் வரும் என்று புண்ணுக்காரிக்குத் தெரியும். எத்தனை தடவை புரட்டிப் படுக்கவைத்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. எத்தனையோ பேரிடம் கூசாமல் கேட்டவள்தான். இன்று நாக்கு எழவில்லை. கேள்வியை விழுங்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதனாலம்மா வந்துச்சு அவருக்கு?”

“வயசானா வர்றதுதாம்மா. யார் மேலயும் தப்பில்ல.”

தப்பைப் பற்றி அந்த அம்மாள் கேட்கவே இல்லை.

“வயசானா வர்றதுன்னா, நீங்க எதுக்கும்மா கட்டில் கட்டிலா கேட்டுக்கிட்டுத் திரியறீங்க?”

புண்ணுக்காரியின் பொய் சொல்லத் தெரியாத முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

எதிர்க் கட்டிலில் இரண்டு நர்ஸுகள் ஒரு பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர் முனகினார். இப்போதுதான் தூங்கினார், விட்டுவிடுங்கள் என்று அவர் மகள் கெஞ்சினாள். வாசலில் தான் சொல்லி அனுப்பியதே அவள் வாயிலும் வருவதைக் கேட்ட அம்மாள் எழுந்து போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

“தடுக்காதம்மா. வலிச்சாலும் புரட்டட்டும். எனக்குத்தான் யாரும் சொல்லல.”

பிறகு திரும்பி வந்து தன் புருஷன் அருகில் நின்றாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கை அவர் தோளுக்கு மேலேயே நின்றது.