கோட்டை மிதித்துக்கொண்டு பிடித்த பந்து

1

என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்ததால் பிறந்த கதை இது. சரிபண்ணப் போன கடையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. முந்தின ஞாயிறு, கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் விசில் ஊதிய பெண்! "கண்ணாடிக் கடையில வேலை பாக்குற பொண்ணுக்கே கண்ணு தெரியல பாரு!" என்று அன்றைக்கு என் பின்னால் ஒருவர் கத்தினார். நானும் சிரித்தேன். (இந்த வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில், விதி தன் விளையாட்டை..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: அவள் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள். (கதைக்குள் வந்ததும் 'அவர்' 'அவள்' ஆகிவிட்டார். கோபித்துக்கொள்ள மாட்டார்.) அக்காவின் கணவர், அவளுக்கு மாமா, பஸ் மெக்கானிக். ஒர்க்‌ஷாப் அணியில் ஆடுகிறவர். வர வேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட, "எங்க வீட்டுப் பொண்ணு நடுவர் பரீட்சை பாஸ் பண்ணிட்டு சும்மாதான் உக்காந்திருக்கா, ஊதட்டுமே" என்று இரண்டு அணிகளையும் சம்மதிக்க வைத்தவரே அவர்தான்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஆட்டம் முடியப்போகிறது. மாமாவின் அணி ஒரு புள்ளி பின்னால். எதிரணிக்காரன் கையிலிருந்து பந்து நழுவி, பக்கக் கோட்டுக்கு மேலே பறந்தது. மாமா எட்டிப் பிடித்துவிட்டார். "நம்ம பந்து!" அவருடைய ஒரு கால் கோட்டின் மேல்.

விசில். அவள் கை எதிரணிப் பக்கம் நீண்டது.

"என்னம்மா இது, அவன்தானே வெளிய விட்டான்?"

"உங்க கால் கோட்டுல இருக்கு மாமா."

"அதுக்கு? நான் புடிச்சது தப்பா?"

"புடிச்சதுதான் மாமா தப்பு."

எதிரணி கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே வீசி த்ரோ-இன் போட்டது. பந்தை அங்கும் இங்கும் மாற்றியே நேரத்தை ஓட்டிவிட்டார்கள். மாமாவின் அணி தோற்றது.

4

முதல் பிரதியில் அவளைத் தப்பாக ஊத வைத்திருந்தேன். சொந்த மாமாவுக்குச் சாதகம் செய்தாள் என்று ஊர் பேசுமே என்று பயந்து, வேண்டுமென்றே பந்தை மாற்றிக் கொடுக்கிறாள். கண்ணீரெல்லாம் இருந்தது. கண்ணாடி வாங்கப் போனபோது படித்துக் காட்டினேன்.

"கதை நல்லாருக்கு சார். ஆனா நான் சரியாத்தான் ஊதினேன்."

லென்ஸ் துடைக்கிற துணியைச் சுருட்டி மேசை விளிம்புக்கு மேலே பிடித்தார். "இது பந்து. விளிம்பு, கோடு. காத்துல கோட்டத் தாண்டிட்டா வெளிய போயிட்டதா அர்த்தமில்ல. வெளிய தரையில படணும், இல்ல வெளிய நிக்கிற ஆள் மேல படணும். கோட்ட மிதிச்சாலே வெளியதான். அப்படி நின்னுட்டு தொட்டா, பந்த வெளிய விட்டது அந்த ஆளுதான்."

"உங்க மாமா தொடாமலே விட்டிருந்தா?"

"வெளிய விழுந்திருக்கும். கடைசியா தொட்டது எதிரணி. மாமாவுக்குத்தான் பந்து."

என் கண்ணீர்க் கதை பொசுக்கென்று போனது. வருத்தமில்லை. நேர்மையாக ஊதிய ஒருவரைக் கோழையாக எழுதிவிடாமல் தடுத்தாரே, அதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

5

சாயங்காலம். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். இந்த வீட்டில் இனி பழைய மாதிரி ஒரு வாய் சாப்பாடு இறங்குமா?

முடிவு அ: மாமா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

முடிவு ஆ: "சபாஷ்டா கண்ணு" என்று மாமா... சே. அவ்வளவு சீக்கிரம் எந்த மனுஷன் மனசு ஆறும்?

நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். "அத நீங்களே எழுதிக்கோங்க சார்" என்று கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, காதோரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

எழுதுகிறேன். கூடத்துத் தரையில் சாக்பீஸ் கோடு. மாமா அதன்மேல் ஒரு காலை வைத்து நிற்கிறார். அக்கா தலையணையை எறிகிறாள்.

"இந்த லட்சணத்துல இத்தன வருஷமா ஆடுறாராம், கேளுடி!"

மாமா தலையணையைப் பிடிக்கவில்லை. அது அவரைத் தாண்டிப் போய் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இப்ப நம்ம பந்துதானே?"

"ஆமா மாமா."

அடுத்து அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். த்ரோ-இன் போடுகிறவர் வெளியே நின்றுதான் போட வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. நானும் அந்த வீட்டுக்கு வெளியாள். இந்தக் கதையை ரொம்ப நேரமாகவும் கையில் வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், மீதியை உங்களிடம் போடுகிறேன்.

பிடிக்கிறதுக்கு முன்னால் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.