பத்தடிக்கு வராத முகம்

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற சாலையின் முக்கில் பத்தடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. அதில் சிரித்துக்கொண்டிருந்த ஆளுக்குப் பெயர் போடவில்லை. ரோஜாப்பூ நிறம், பென்சிலால் இழுத்த மாதிரி புருவம், ஒரு பல்லில்கூடக் குறை கிடையாது. மேலே, ‘என் தாலியைக் காப்பாற்றிய அண்ணனே, எங்கே இருக்கிறீர்கள்?’ என்று எழுதி, கீழே செல்வராணியின் போன் நம்பர். பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டுக்கும் வைத்த ஃப்ளெக்ஸ்களுக்கு நடுவில் இது ஒன்றுதான் ஆளைத் தேடியது. அதனால் எல்லோரும் நின்று படித்தார்கள். படித்தவர்கள் போனும் செய்தார்கள். ஆனால் கேட்டதெல்லாம் வேறு. இவர் எந்த வார்டில் நிற்கிறார் என்றார் ஒருவர். பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன நட்சத்திரம் என்று விசாரித்தாள் ஒரு அம்மாள். செல்வராணி முதலில் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். அப்புறம் போன் அடித்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் சிவசாமி நாகுடியிலிருந்து வண்டியில் வரும்போது மாடு குறுக்கே பாய்ந்து கீழே விழுந்துவிட்டார். மண்டையில் பலத்த அடி. கூடி நின்றவர்கள் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டிருக்க, எவரோ ஒரு ஆள் போகிற காரை மறித்து, அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செல்வராணி அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, சட்டையெல்லாம் ரத்தமாக வாசலில் நின்ற அந்த ஆள், சிவசாமியின் செருப்பையும் போனையும் அவள் கையில் கொடுத்தார்.

“பயப்படாத தங்கச்சி. மூச்சு நல்லா இருக்கு” என்றார்.

அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னபோது, அவள் காதில் அந்தத் ‘தங்கச்சி’தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. மகள் சத்யாவுக்கு மூன்று வயசாகியும் காது குத்தாமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே! இப்போது சிவசாமி பிழைத்து எழுந்த சந்தோஷத்தில், வருகிற வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் காது குத்துவது என்று நாள் குறித்தாயிற்று. மாமன் இடத்தில் செல்வராணியின் சித்தப்பா மகன் உட்காரட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். சிவசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத புண்ணியவான் அவன்.

“எம் புள்ள மாமன் மடியில ஒக்காந்தா, எம் புருசன உசுரோட கொண்டாந்து கொடுத்த அண்ணன் மடியிலதான் ஒக்காரும்” என்று செல்வராணி ஒரே பிடியாக நின்றாள்.

சிவசாமிக்கு அதில் கூச்சம். “யாரு எவருன்னே தெரியாது. சனம் நாலு விதமாப் பேசும் ராணி. வெள்ளிக்கெழமைக்குள்ள ஆளு கெடைக்கலேன்னா ஒந் தம்பியே ஒக்காரட்டும்” என்று முடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பதற்றத்தில் அந்த ஆளின் முகம் அவளுக்குச் சரியாகப் பதியவில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வாட்ஸ்அப் படம். விபத்து நடந்த இடத்தில் யாரோ எடுத்து, பல பேர் கைமாறி, அவள் கொழுந்தன் போனுக்கு வந்து சேர்ந்தது. சிவசாமியைத் தூக்குகிற ஆளின் முகம் அதில் மிளகு அளவுக்குத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அறந்தாங்கியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற இலக்கியாவிடம் போனாள். இலக்கியா ஒரு சாஃப்ட்வேரில் போட்டதும் மிளகு பூசணிக்காயானது. கண், மூக்கு, வாய் எல்லாம் பளிச்சென்று வந்தது.

“கன்னத்துல என்னமோ அழுக்கு மாதிரி இருக்குக்கா. நெறமும் கம்மி” என்றாள் இலக்கியா.

“சாமியாட்டம் வந்தவரும்மா. நல்லாக் கலரா, அழகாப் பண்ணிக் குடு” என்றாள் செல்வராணி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் சொந்த நிறத்தோடு ஃப்ளெக்ஸில் ஏறியவர்கள் எவரும் கிடையாது. வளைகாப்போ கண்ணீர் அஞ்சலியோ, ஆளை வெளுத்து வைப்பதுதான் மரியாதை. சாதாரண மாமன் மச்சானுக்கே அப்படியென்றால், உயிரை மீட்டுக் கொடுத்தவருக்கு இரண்டு கோட்டிங் கூடப் போட வேண்டாமா?

புதன்கிழமை அந்த முக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது, அந்த முகத்தை ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம் என்று நிமிர்ந்து பார்த்தாள். கை எழும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மனசில் ஒரு அசைவும் இல்லை. போனில் இருக்கிற அந்த மங்கல் படத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும் அவளுக்குக் கண் கலங்கிவிடும். பத்தடி உயரத்துக்கு இருக்கிற இந்த ஆளைப் பார்த்தால் ஏன் அழுகையே வர மாட்டேன் என்கிறது? ‘அடிப்பாவி, இது அவரே இல்லையே’ என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தாள்.

இலக்கியா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தப்பு நம்ம ரெண்டு பேரு மேலயும்தான்க்கா. படத்துல இல்லாதத கம்ப்யூட்டரு அதுவா இட்டுக்கட்டிரும். கண்ணு இப்படி இருக்கும், பல்லு இப்படி இருக்கும்னு அதுபாட்டுக்கு ஒரு ஆள வரைஞ்சிருச்சு. மிச்சமிருந்ததையும் நான் வெளுத்துப்புட்டேன்.”

“அப்ப அவரு மொகத்தப் பெருசாக்கவே முடியாதா?”

“எடுத்தவங்க போன்ல மொதப் படம் இருக்கும்ல? வாட்ஸ்அப்பு படத்தச் சுருக்கித்தான் அனுப்பும். கை மாற மாறத் தேஞ்சிரும். எடுத்தவங்களத் தேடிப் பிடிச்சு, டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. அப்படியே முழுசா வரும்.”

ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செல்வராணி ஆரம்பித்தாள். கொழுந்தனுக்கு யார் அனுப்பியது? குவைத்தில் இருக்கிற அவன் கூட்டாளி. அவனுக்கு? ஊர்க் குரூப். நாகுடி ரோட்டில் விழுந்த மனுஷன் குவைத் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தார். ஒவ்வொரு ஆளாக விசாரித்துப் பின்னாலேயே போனதில், கடைசியில் ஜெனிஷா என்று ஒரு காலேஜ் பெண்ணிடம் வந்து நின்றது. அன்றைக்கு அந்த வழியாக வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, அடிபட்டவரின் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போகட்டும் என்று எடுத்தவள் அவள்தான்.

“இன்னும் வச்சிருக்கேன்க்கா. போன் நெறைஞ்சு எதை எதையோ அழிச்சேன், இத மட்டும் அழிக்க மனசு வரல” என்றாள் ஜெனிஷா.

“நீ நல்லா இருக்கணும் தாயி” என்று செல்வராணி போனைப் பார்த்தே கும்பிட்டாள். முகம் தெரியாத ஒரு பெண் தனக்காக இதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாளே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

படம் வந்தது. இலக்கியா கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினாள். நரைத்த தாடி தெரிந்தது. முன்பல் ஒன்று இல்லை. அழுக்கு என்று இலக்கியா துடைத்தெறிந்தது, இடது கன்னத்தில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. பாரம் தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இவருதாம்மா. இவரேதான்.”

“இது பத்தடிக்கு வராதுக்கா. இழுத்தா மறுபடியும் வேற ஆளாயிருவாரு. காலண்டர் சைசுக்கு நல்லா வரும். மொகத்த மட்டும் வெட்டாம ஆள முழுசா வைப்போம்.”

“எப்படி இருக்காரோ அப்படியே போடு. ஒண்ணையும் தொடாத.”

ஆளை முழுசாக வைத்தது நல்லதாகப் போயிற்று. காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் போடுவது அது. மறுநாள் காலையில் செல்வராணி படத்தோடு கட்டுமாவடி கடற்கரையில் போய் நின்றாள். கூடையில் மீன் அள்ளிக்கொண்டிருந்த சந்தனமேரி என்கிற அம்மாளிடம்தான் முதலில் நீட்டினாள்.

“அட, நம்ம ஐஸ் வண்டி ராக்கன்! இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே? அந்தா, அங்கிட்டு நிக்கிறாரு பாரு” என்று சந்தனமேரி கையைக் காட்டினாள்.

ராக்கன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். “அவரு நல்லா இருக்காரா?” என்பதுதான் முதல் கேள்வி.

“நல்லா இருக்காருண்ணே. ஒங்களால இருக்காரு. அன்னைக்கு ஏண்ணே சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்க?”

“வண்டிய ரோட்டுல விட்டுட்டுல்ல வந்தேன். போய்ப் பாத்தா பாதி ஐசு தண்ணியா ஓடிருச்சு” என்று சிரித்தார்.

“முக்குல அம்மாம் பெரிய போர்டு வச்சிருந்தேனே, பாக்கலையா?”

“அதுவா? தெனம் அதுக்குக் கீழதான வாரேன் போறேன். ஏதோ கட்சிக்காரருன்னுல்ல நெனச்சேன்!”

செல்வராணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்து முடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். ராக்கன் முகம் மாறிவிட்டது.

“வேணாம் தங்கச்சி. நாங்க கடக்கரைச் சனம். ஒங்க கோயில்ல, ஒங்க சாதிசனத்துக்கு நடுவுல நான் மாமனா ஒக்காந்தா சரியா வராது.”

“ரோட்டுல கெடந்தவரத் தூக்கையில அவரு யாரு, என்ன சாதின்னு கேட்டீங்களா? நீங்க வரலேன்னா எம் புள்ளைக்குக் காதே குத்தல” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ராக்கன் வந்தார். சும்மா வரவில்லை. பட்டுப்பாவாடை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு என்று மாமன் சீர்த்தட்டுகளைச் சந்தனமேரியும் இன்னும் சில பெண்களும் தூக்கிவர, சலவைச் சட்டையில் கூனிக் குறுகி வந்தார். மணையில் உட்கார்ந்து சத்யாவை மடியில் வாங்கிக்கொண்டார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. சித்தப்பா மகன் தொண்டையைச் செருமினான். சிவசாமியின் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்:

“யாருப்பா இவரு? எந்த வகையில சொந்தம்?”

ராக்கன் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையைக் கீழே இறக்கி எழப் பார்த்தார். அதுவரைக்கும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து ராக்கனையே பார்த்துக்கொண்டிருந்த சிவசாமி, மெதுவாக எழுந்து நடந்து வந்தார். தன்னைத் தூக்கியவரை அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்தடவை. ராக்கனின் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

“எம் மச்சான், பெரியப்பா” என்றார். “சாகக் கெடந்தப்ப என்னய மடியில போட்டு வச்சிருந்தவரு. எம் புள்ளையவும் அவருதான் வச்சுக்கிறணும். ஆசாரி, நீங்க குத்துங்க.”

ஆசாரி ஊசியை எடுத்தார். சத்யா வீறிட்டு ராக்கனின் சட்டையைப் பிடித்துக்கொள்ள, குழந்தையைவிட அதிகமாக அழுதார் அவர். கண் தெரியாமல் துண்டைத் தேடிக் கையைத் தளர்த்தினார்.

“மச்சான், இன்னொரு காது இருக்கு” என்றார் சிவசாமி. “புள்ளைய விட்றாதீங்க.”