மணிமுடி, வெண்பட்டு, ராஜாளி

எங்கள் ஊரில் குழந்தை பிறந்த பதினாறாம் நாள் அதைப் பெரிய மரக் கேமரா முன்னால் படுக்கவைத்து, கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமில் ஒரே ஒரு படம் எடுப்பார்கள். அந்த ஃபிலிம் வந்த பெட்டியின் பெயர்தான் குழந்தையின் குலம். தகப்பன் எந்தப் பெட்டியோ பிள்ளையும் அந்தப் பெட்டி. ஒரே பெட்டிக்காரர்கள் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. பெட்டிகள் மொத்தம் மூன்று. நான் மணிமுடி. என் மனைவி உலகம்மை வெண்பட்டு. எங்கள் இரண்டு வயது மகள் செண்பகம் என்னைப்போல மணிமுடி. மூன்றாவது பெட்டி ராஜாளி.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பீற்றல் உண்டு. தங்கள் நிழலில் ஆழம் அதிகம் என்பார்கள் மணிமுடிக்காரர்கள். என் சொந்தக்காரர்கள்தான், ஆனாலும் சொல்கிறேன், ஒருவருக்கும் முழங்காலளவு ஆழம்கூடக் கிடையாது. தங்கள் சாம்பல் நிறம் பட்டுப்போல வழுக்கும் என்பது வெண்பட்டுக்காரர்களின் பெருமை. ராஜாளிப் பெட்டியில் ஃபிலிம் வெளிச்சம் வாங்கும் வேகம் இருநூறு என்று அச்சிட்டிருக்கிறது, மற்றதில் நூறு. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ராஜாளிக்காரர்கள் எல்லாப் பந்தியிலும் முதலில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவார்கள்.

இந்த ஆண்டு அம்மன் கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று மூன்று பெட்டிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். எந்த ஃபிலிம் உயர்ந்ததோ அந்தப் பெட்டிக்கே மாலை என்று முடிவானது. தாலுகா அலுவலகத்தில் ஃபிலிம் ஒப்பீட்டாளர் வேலையில் இருப்பவன் நான். ஆகவே மூன்று பெட்டிகளும் முத்திரையோடு என் மேசைக்கு வந்தன.

ஷீட் ஃபிலிமைக் கும்மிருட்டில்தான் பெட்டியிலிருந்து எடுக்க முடியும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. அதனால் ஒவ்வொரு ஃபிலிம் தாளின் மூலையிலும் தொழிற்சாலையிலேயே சிறிய வெட்டுகள் போட்டிருப்பார்கள். விரலால் தடவினால் எந்த ஃபிலிம் என்று தெரிந்துவிடும். பெட்டிக்கு ஆயிரம் பெயர் வைக்கலாம், வெட்டை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. மணிமுடியைத் தடவினேன். இரண்டு கூர் வெட்டு, ஒரு சதுர வெட்டு. வெண்பட்டிலும் அதுவே. ராஜாளியையும் தடவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் முறைப்படி ஒப்பிட வேண்டும். ராஜாளிப் பெரியவர் ஆவுடைநாயகத்தை முற்றத்தில் உட்காரவைத்து மூன்று ஃபிலிமிலும் ஒவ்வொரு படம் எடுத்தேன். ஒரே வெளிச்சம், கழுவியதும் ஒரே தட்டு, ஒரே டெவலப்பர் கரைசல், பத்து நிமிடம். காய்ந்த நெகட்டிவ்களைக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தேன். எது எது என்று என் குறிப்பேட்டில் மட்டும் இருந்தது.

ஆவுடைநாயகம் நடுவில் இருந்ததைத் தொட்டு, "இதுதாம்யா ராஜாளி. மூஞ்சில என்ன ஒரு வேகம்! அந்தா கெடக்கு பாரும் ஓரத்துல, மந்தமா, அது மணிமுடி" என்றார்.

அவர் தொட்டது மணிமுடி. மந்தம் என்றது ராஜாளி.

வெண்பட்டுப் பெரியவர் மாசானமுத்து என் மாமனார். அவர் அந்த ராஜாளியைக் கையில் எடுத்து, "பட்டுல்லா மாப்பிள்ள, பட்டு! இத நீங்க சொல்லவே வேண்டாம்" என்று கண் கலங்கினார். இருவரும் தங்கள் தேர்வின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். படித்தவர்கள்தான் இருவரும்.

வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மூணும் ஒண்ணுன்னு எழுதினா நாம என்ன முற?"

"அண்ணன், தங்கச்சி."

"அப்ப எழுதாதீய. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். மூணும் வேற வேறன்னு ஒரு வரி எழுதிட்டு வந்து சோத்தத் தின்னுங்க."

எழுதியிருக்கலாம். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் களைகிற அரிசியில் ஒருநாளும் கல் கிடந்ததில்லை. ஆனால் ஆவுடைநாயகத்தின் கையெழுத்தை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மூன்று கூட்டத்தின் மூக்கையும் ஒரே வரியில் உடைக்கும் வாய்ப்பு இன்னொரு முறை வராது. மறுநாள் காலை எழுதினேன்: மூன்றும் ஒரே ஃபிலிம், பெட்டி மட்டும் வேறு.

மூக்கு ஒன்றும் உடையவில்லை. தாசில்தார் அறிக்கையைப் படித்து, முத்திரை வைத்து, திங்கட்கிழமை முதல் நடைமுறை என்றார். ஊரில் நூற்றுப்பத்துத் தம்பதிகள் திங்கட்கிழமை அண்ணன் தங்கைகளாக எழுந்து பல் துலக்கினார்கள். பெட்டியை விடலாமா, பெண்டாட்டியை விடலாமா என்று ஒரு வீட்டிலும் பேச்சு எழவில்லை. பந்தியில் மட்டும் பழையபடி மூன்று வரிசை. ராஜாளிக்காரர்கள் முதலில் உட்கார்ந்தார்கள்.

என் மாமனார் அன்றுமுதல் சித்தப்பா. வாசலில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பவர், உட்கார்ந்தபடியே "வாடே" என்றார். உலகம்மை கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணனிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது? "அண்ணே, சோறு போடட்டா?" என்று மட்டும் கேட்டாள். போடச் சொன்னேன்.

செண்பகத்துக்கு அந்த வாரமே காதுகுத்து குறித்திருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், சீரும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். வீட்டில் அம்மாவின் அண்ணன் நான் ஒருவன்தான். பின்வாசல் வழியாகத் தாம்பாளங்களோடு வெளியேறி, தெருவைச் சுற்றி, மேளத்தோடு முன்வாசலுக்கு வந்தேன். உலகம்மை ஆரத்தி எடுத்து, "வாங்கண்ணே" என்றாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று அலறியது.

"மாமான்னு சொல்லு தாயி" என்றார் ஆசாரி.

இரண்டாவது காது குத்துவதற்குள் குழந்தை சொல்லிவிட்டது. சீக்கிரம் கற்றுக்கொள்கிற பிள்ளை.

எல்லோரும் சாப்பிட எழும்போது ஒருவர் தோல்பையோடு வாசலில் வந்து நின்றார். தகப்பன் தாய்மாமனாகிவிட்ட நூற்றுப்பத்து வீடுகளுக்கும் அடுத்த தாலுகாவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இவர். உத்தரவில் பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தது. வந்தவருக்குக் குழந்தையை அறிமுகப்படுத்த வேண்டியது தாய்மாமன் கடமை.

"அப்பா வந்தாச்சு பாரு" என்றேன்.

குழந்தை அவரிடம் போயிற்று. வெயிலில் நடந்து வந்தவர், வேர்த்திருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் பொத்தான்களைக் கழற்றியபடி, சட்டையை எங்கே மாட்டுவது என்று கேட்டார். ஆணியில் கிடந்த என் சட்டையை எடுத்துவிட்டு இடம் கொடுத்தேன்.