அழிந்த நாலாயிரம் பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, மேஜைமேல் வைத்த தேநீர் ஆறுவதற்குள், நூலகத்தின் பழைய பதிவேட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் நாலாயிரம் பக்கங்களை அழித்துவிட்டாள்.

கலங்கரை விளக்கக் காவலர்கள் ஒரு காலத்தில் கையால் எழுதிவைத்த தினக்குறிப்புகள் அவை. காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு, எந்தக் கப்பல் கடந்தது என்று ஏடு ஏடாக எழுதியிருந்தார்கள். அவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தது நூலகம். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படித்துத் தட்டச்சு செய்து தரலாம். சம்பளம் கிடையாது. முந்நூறு பேர் மூன்று மாதம் செய்த வேலையைத்தான், வேண்டாத சோதனைக் கோப்பு என்று நினைத்து அவள் அழித்தாள். வெள்ளிதோறும் எடுக்க வேண்டிய நகலை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவளும் அவளேதான். படங்கள் பத்திரமாக இருந்தன. தட்டச்சு செய்தது அத்தனையும் போயிற்று.

தலைமை நூலகரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பிரச்சினை என்று கேட்டதும் முதலில் எழுந்து கதவைச் சாத்துகிறவர்.

"சர்வர் கோளாறுன்னு ரெண்டு வரி போட்டுடும்மா. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"நம்பித்தானே சார் செஞ்சாங்க."

"நெஜத்தைச் சொன்னா ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. சும்மா வேலை செய்யறவங்களுக்கு அதையே திரும்பச் செய்யணும்னு என்ன தலையெழுத்து? வேணும்னா முதல் பத்துப் பேருக்குப் பரிசுன்னு அறிவிக்கலாம்."

அவர் சொன்னது தப்பு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. இவர்கள் எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. அவர்களை அவள் புனைபெயர்களாகத்தான் அறிவாள்: ஒற்றைச்செருப்பு, ஞாயிறுதூக்கம், மாமியார்மெச்சியவள்.

தன் இடத்துக்கு வந்து கடிதத்தை நாலு முறை எழுதி அடித்தாள். ஐந்தாவது முறை எழுதியதை அனுப்பினாள். 'அழித்தது நான். நகல் எடுக்காததும் நான். உங்கள் உழைப்பை வீணாக்கிவிட்டேன், மன்னியுங்கள். விலகுகிறவர்கள் தாராளமாக விலகலாம். ஒன்று மட்டும் கேட்க ஆசை: இதுவரை எதற்காகச் செய்தீர்கள்?'

அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதலில் வந்த பதில், 'என் கண் போனதுதான் மிச்சம். என் பெயரை நீக்கிவிடுங்கள்' என்றது. அடுத்ததும் ஏறக்குறைய அதேதான். மூன்றாவது, மாமியார்மெச்சியவள் எழுதியது. அவள் மருத்துவமனைச் செவிலி என்று அப்போதுதான் தெரிந்தது. 'மூன்றாம் ஏட்டை எழுதிய காவலருக்கு முழங்கால் வலி. தினமும் காற்றோடு சேர்த்து அதையும் எழுதுகிறார். இரவும் பகலும் அத்தனை படி ஏறினால் வலிக்காதா? அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நான் எங்கே விலகுவது? வேலையை மறுபடி திறந்துவிடுங்கள்.'

மறுநாள் காலை, கருவிப் பையும் எண்ணெய்க் கறைச் சட்டையுமாக ஒருவர் அவள் மேஜைமுன் வந்து நின்றார். வயது ஐம்பதுக்குப் பக்கம்.

"அழிச்சது நீங்கதானே?"

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். "ஆமாங்க" என்றாள்.

"நான்தான் ஒற்றைச்செருப்பு."

தன்னையறியாமல் அவர் காலைப் பார்த்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. அவர் சிரித்துவிட்டார். "அது வேற கதை மேடம். நான் லிஃப்ட் மெக்கானிக். அறுநூறு பக்கம் செஞ்சிருக்கேன்."

"மன்னிச்சிடுங்க."

"திட்ட வரலை. எதுக்குச் செஞ்சீங்கன்னு கேட்டீங்கல்ல? எனக்குக் கடிதம் எழுத வராது. அதான் நேர்ல வந்துட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"லிஃப்ட் ஓடுற வரைக்கும் என்னை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. நின்னாத்தான் கூப்பிடுவாங்க, அதுவும் கத்திக்கிட்டே. இங்க ஒரே பக்கத்தை மூணு பேர் தனித்தனியா படிக்கிறோம். மூணும் ஒத்துப்போனா திரையில பச்சைக் குறி விழுது. ஒரு நாள் ஒரு வார்த்தை, கோழி கிளறின மாதிரி எழுத்து. முக்கால் மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டு 'மூடுபனி'ன்னு போட்டேன். மறுநாள் பார்த்தா பச்சை! முகம் தெரியாத ரெண்டு பேர் அதையேதான் படிச்சிருக்காங்க. அன்னிக்குப் பூரா எனக்குக் கால் தரையில பாவலை."

"அதெல்லாம் போயிடுச்சேன்னு கோபம் வரலையா?"

"வராம? சாப்பிடாம எந்திரிச்சுட்டேன். வீட்டுக்காரிதான் சொன்னா, 'படிச்சது படிச்சதுதானே, அதை அந்தம்மா எப்படி அழிக்க முடியும்'னு." சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, நீங்க உண்மையைச் சொன்னீங்க. ஒரு தடவை நான் ஒரு திருகை முடுக்க மறந்துட்டேன். ரெண்டு மாடிக்கு நடுவுல ஆளுங்களோட நின்னுடுச்சு. கரண்டு மேல பழியைப் போட்டுட்டேன். இன்னிக்கும் அந்தக் கட்டடத்துப் பக்கம் போறதில்ல."

பரிசு யோசனையைப் பற்றிக் கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம் மேடம். பரிசுன்னு வந்துட்டா வேகமா தட்டத் தோணும். இப்ப நிதானமா படிக்கிறேன். அதைக் கெடுத்துடாதீங்க."

அவர் போன கையோடு இணையத்தில் வேலையை மறுபடி திறந்துவிட்டாள். பத்தொன்பது பேர் விலகியிருந்தார்கள். அவ்வளவுதான். கடிதத்தை யாரோ யாருக்கோ அனுப்ப, வார முடிவுக்குள் நாற்பது பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். கையெழுத்துகள் பழகிப்போயிருந்ததால் இரண்டாம் முறை வேலை பறந்தது. ஐந்தாவது வாரத்தில் எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டியது.

தலைமை நூலகர் அவளுடைய திரையைக் குனிந்து பார்த்தார். "அட, பரவாயில்லையே" என்றார். பிறகு பயந்த குரலில், "நகல்?" என்றார்.

"மூணு இடத்துல இருக்கு சார்."

அன்று மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஐந்து வாரமாகச் சரியாகக் கண்மூடாதவள், புடவைகூட மாற்றாமல் படுத்தாள். சாயங்காலம் கணவன் வந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டி, பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுவந்து இரண்டு பேருமாகத் தட்டிய பிறகுதான் எழுந்துவந்து திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"என்னடி, என்ன ஆச்சு?" என்றான் அவன் பதறிப்போய்.

"ஒண்ணும் ஆகலை" என்றாள். "பசிக்குது."